தவளைக் கடவை

ஆறு நாளாகச் சிவாஜினி ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. கந்தசட்டி விரதத்தோடு இந்த வருடம் மௌனத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். பகலெல்லாம் தண்ணீர், மாலையில் ஒரு குவளை பாலும் இரண்டு வாழைப்பழமும். யாராவது ஏதாவது கேட்டால் எழுதிக் காட்ட ஒரு சின்னக் கொப்பி. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு கிழமை லீவு போட்டாகிவிட்டது. கணவன் சுகிர்தன் முதல் இரண்டு நாள் சிரித்தான். மூன்றாம் நாள், இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னமே தெரிந்திருக்கலாம் என்றான். ஐந்தாம் நாள் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரோடு பேச ஆரம்பித்துவிட்டான்.

நாளைக் காலை பாறணை. விடிந்ததும் குளித்து, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, வந்து சமைத்து, முதல் கவளம் வாயில் வைப்பதற்கு முன்னால் மெல்பேர்னில் இருக்கும் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். ஆறு நாள் பூட்டியிருந்த வாயிலிருந்து வெளியே வரும் முதல் சொல் லக்சனுக்கு. அதுதான் நேர்த்திக்கடன். வேறு யாருக்கும் அந்தச் சொல் போகக்கூடாது.

காரணம், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வாய் சொன்ன ஒரு வசனம்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை அது. லக்சன் மெல்பேர்ன் கிளேட்டனில் தன் ஆராய்ச்சி நூலை ஒப்படைக்க வேண்டிய கடைசிக் கிழமையும் அதுதான். திங்கட்கிழமை வாறன் அக்கா என்றான். அம்மா ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். திங்கள் காலை மெரிலேண்ட்ஸில் இருக்கும் இவள் வீட்டு வாசலில் பையும் கையுமாக வந்து நின்றவனைப் பார்த்து, சனம் நிறைந்த அந்த முன்னறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சிவாஜினி சொன்னாள்: "நீ இனி வரத் தேவையில்லை."

அவன் செத்தவீட்டு மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தான், சாம்பல் கரைக்கும்போது தள்ளி நின்றான், போய்விட்டான். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டான். ஒன்றரை மணி நேர விமானப் பயணம். இரண்டு வருடமாக அந்த ஒன்றரை மணி நேரத்தை இரண்டு பேரில் ஒருவரும் கடக்கவில்லை.

இத்தனை தூரம் வெட்டிய நாக்கை ஆறு நாள் உறங்க வைத்து, கழுவித் துடைத்து, புதிதாக எடுத்து அவனோடு பேச வேண்டும் என்பது அவள் கணக்கு. சரியோ பிழையோ, ஆறாம் நாள் மாலைவரை அந்தக் கணக்கில் ஒரு கீறல் விழவில்லை.

பிறகு மழை வந்தது.

கோயில் கார் நிறுத்துமிடத்தில் சூரன் போர் நடந்துகொண்டிருந்தது. சூரன் யானைமுகம் மாற்றி, சிங்கமுகம் மாற்றி, மாமரக் கிளையோடு ஆடிக்கொண்டிருந்தபோது முதல் துளி சிவாஜினியின் மூக்கு நுனியில் விழுந்தது. வெதுவெதுப்பான துளி. பத்து நாள் வெயிலுக்குப் பிறகு, பொழுது சாயும் நேரத்து மழை. சனம் குடைகளைத் தேடியது. சிவாஜினி காரைத் தேடினாள்.

இப்படி ஒரு மழை பெய்தால் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் செய்தி அனுப்பத் தேவையில்லை.

மெரிலேண்ட்ஸின் பின்பக்கம் ஒரு பழைய செங்கல் சூளை இருந்தது. சூளை போய்விட்டது, மண் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. குளத்துக்கும் அதற்கு எதிரே இருக்கும் ரயில் பாதையோரப் புதருக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான வீதி. வெப்பமான மாலையில் மழை பெய்தால் புதரிலிருந்து தவளைகள் புறப்பட்டு வீதியைக் கடந்து குளத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்துத்தான் வேன்களும் அந்தக் குறுக்கு வழியில் வரும். அம்மா போன அடுத்த மாதம் நூலகத்து அறிவிப்புப் பலகையில் தொண்டர் தேவை என்று பார்த்து, எதற்கென்றே தெரியாமல் சிவாஜினி பெயர் கொடுத்தாள். ஈரக் கையுறையில் ஒரு தவளை ஏறி உட்காரும்போது உள்ளங்கையில் அதன் தொண்டை துடிப்பது தெரியும். முதல் நாள் அதை உணர்ந்தவள் பிறகு ஒரு மழையையும் தவறவிடவில்லை.

சாதாரணத் தவளைகளை அப்படிக் கையில் எடுத்து, அவை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தனவோ அந்தப் பக்கம் விடலாம். ஒரே ஒரு இனத்தை மட்டும் தொடக்கூடாது. பச்சையும் பொன்னும் கலந்த மணித்தவளை. நோய் தொற்றினால் அடியோடு போய்விடும் அளவுக்குக் குறைந்துவிட்ட இனம். குளத்தில் அதன் ஆண்கள் இருந்தன. பழைய மோட்டார் சைக்கிள் கியர் மாற்றி மாற்றி ஏறுவது போல ஒவ்வொரு வசந்தத்திலும் கத்தின. பெண்கள்தான் வரவில்லை. பெண் மணித்தவளை இப்படிப் பாடுவதில்லை. வந்தால் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இரண்டு வசந்தமாக ஒருவரும் பார்க்கவில்லை.

வராத தவளைக்கு எதற்கு வீதியில் லொறிகளைத் தடுக்கும் கடவைப் பலகை என்று மாநகர சபை கேட்டது. இந்த மாதக் கடைசிக்குள் ஒரு மணித்தவளையாவது கடந்ததாகப் பதிவு வேண்டும். ஒரு படம், இல்லையென்றால் இரண்டு பேர் கண்ணால் கண்ட சாட்சி. இல்லாவிட்டால் பலகைகளை எடுத்துவிட்டு வீதியை லொறிகளுக்கும் திறந்துவிடுவார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள். வானிலை அறிக்கையில் மழை இன்றைக்கு மட்டும்தான்.

சேலைக்கு மேல் மஞ்சள் மேலங்கி, காலில் ரப்பர் சப்பாத்து. சப்பாத்துக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டுச் சிவாஜினி வீதியில் இறங்கியபோது ஏழேகால். ஆறு நாளாக அணைத்து வைத்திருந்த கைபேசி காரின் முன்பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஈஸ்வரமூர்த்தி முன்னமே வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர். போத்தனூர்ப் பக்கம் முப்பத்தோரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துவிட்டு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். வீதியின் வளைவில் நின்று வண்டிகளை நிறுத்துவதும் விடுவதும் அவர் பொறுப்பு. ஒரு பக்கம் 'நில்', மறு பக்கம் 'மெதுவாகச் செல்' என்று எழுதிய வட்டப் பலகையை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் வரப்போகிறது என்றே தோன்றும்.

அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சூரனைக் கொன்றாச்சா, சுண்டல் கொடுத்தார்களா என்று விசாரித்தார். அவள் கொப்பியில் மௌன விரதம் என்று எழுதிக் காட்டிவிட்டுத் தலையாட்டினாள். வீட்டில் மகளும் மருமகனும் ஆளுக்கொரு காதுக் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், பேரன் தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் 'தாத்தா, நகருங்க' என்பதையும் சொன்னார். அவள் சிரித்தாள்.

"அம்மிணி, நீங்க பேசாம இருக்கறது எனக்கு ரொம்ப சௌகரியமுங்க. என் வாழ்க்கையில இப்பத்தான் ஒரு ஆள் நான் பேசறத முழுசாக் கேக்கறாங்க" என்றார்.

அவள் பேசமாட்டாள் என்பதால் டார்ச் விளக்கில் ஒரு ஏற்பாட்டையும் அவரே செய்து வைத்தார். ஒரு முறை மின்னினால் சாதாரணத் தவளை. இரண்டு முறை என்றால் வண்டி. மூன்று முறை என்றால் மணித்தவளை, உடனே வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வா. மூன்று என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு. அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்ற சிரிப்பு. பிறகு வளைவுக்கு நடந்தார். சிவாஜினி அறுபது மீட்டர் தள்ளி, புதர் குளத்தை நெருங்கும் இடத்தில் தனியாக நின்றாள்.

மழை தூறலாக இறங்கியிருந்தது. வீதியோர ஜகரண்டா மரங்கள் பூவைக் கொட்டி, தார் முழுக்க ஊதா. நனைந்த ஊதாவின் மேல் ஒற்றைத் தெருவிளக்கின் வெளிச்சம் படர்ந்து, வீதி தரையில் கிடக்கிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அவளும் கொஞ்சம் மிதந்தாள். ஆறாம் நாள் விரதம் அப்படித்தான். பசி மூன்றாம் நாளே அலுத்துப்போய்த் திரும்பிவிடும். அதன் பிறகு உடம்பு பஞ்சு. ஒலிகள் தனித்தனியாகக் கழன்று வரும். இலையிலிருந்து சொட்டும் நீர் ஒரு பக்கம். குளத்துக்குள் யாரோ சுத்தியலால் மெதுவாகத் தட்டுவது போல் சாதாரணக் கோட்டுத்தவளைகள் இன்னொரு பக்கம். அதற்கும் அடியில், தூரத்து மோட்டார் சைக்கிள்கள் போல அந்த ஆண்கள், வராதவர்களை அழைத்தபடி.

வாய்க்குள் அந்த முதல் சொல் இருந்தது. விழுங்காமல், துப்பாமல், ஒரு மிடறு தண்ணீரைப் போல அதை ஆறு நாளாக வைத்திருந்தாள். தம்பி. இன்னும் ஒரே ஒரு இரவு.

முதல் கோட்டுத்தவளை வந்தது. ஒரு மின்னல் காட்டினாள். வளைவில் ஒரு மின்னல் பதிலுக்கு வந்தது. ஈரக் கையுறையில் அதை எடுத்துக் குளத்துப் பக்கம் விட்டாள். இன்னொன்று. ஒரு மின்னல், பதிலுக்கு ஒரு மின்னல். பாவம், மனிதர் தூங்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஆபத்து இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஏழு ஐம்பதுக்குப் புதரின் விளிம்பில் புல் விலகியது.

முதலில் அது ஒரு இலை என்றே நினைத்தாள். நனைந்த மாவிலை. சூரன் கையிலிருந்த கிளை இன்னும் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். இலை மூச்சு விட்டது. உள்ளங்கை நீளம். பச்சை, அதன் மேல் யாரோ பொன்னை உருக்கிச் சிந்தியது போல் திட்டுகள், கண்ணிலிருந்து பின்னோக்கி ஒரு பொன் கோடு. அது ஊதாப் பூக்களின் மேல் ஏறி நின்று, குளம் இருக்கும் திசையைப் பார்த்தது. அவசரமே இல்லை. இரண்டு வருடம் காக்க வைத்தவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் என்ன?

பசி மயக்கமா? சிவாஜினி கண்ணை மூடித் திறந்தாள். இருந்தது. வீதியில் ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள், அப்போதும் இருந்தது.

டார்ச்சை எடுத்தாள். நிதானமாக, மூன்று முறை மின்னினாள்.

வளைவிலிருந்து நிதானமாக மூன்று மின்னல்கள் திரும்பி வந்தன.

அவ்வளவுதான். ஆள் அசையவில்லை.

மறுபடி மூன்று. மறுபடி, அழகாக, மூன்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரயில் போகும்போது கார்டு விளக்குக் காட்டினால் ஸ்டேஷன் மாஸ்டரும் விளக்குக் காட்ட வேண்டும். எல்லாம் சரி, போகலாம் என்று அர்த்தம். முப்பத்தோரு வருடம் அந்த மனிதர் ஒவ்வொரு வண்டிக்கும் அதைத்தான் செய்திருக்கிறார். எண்ணம் மூளைக்குப் போவதற்கு முன்னால் கை செய்துவிடுகிறது. மூன்று என்ன, முப்பது காட்டினாலும் முப்பது திரும்பி வரும். எல்லாம் சரி, போகலாம்.

அதே கணம் வளைவுக்கு அப்பால் வெளிச்சம். ஒரு வேன்.

மூர்த்தியின் நிழல் விறைப்பாக நிமிர்ந்தது. பலகை திரும்பியது. 'மெதுவாகச் செல்' பக்கம்.

சிவாஜினி குனிந்தாள். தொடக்கூடாது என்ற விதி போகட்டும், அள்ளிவிடலாம் என்று கையை நீட்டினாள். விரல் போய்ச் சேர்வதற்குள் தவளை பாய்ந்தது. இரண்டு பாய்ச்சல். வீதியின் நட்ட நடுவில் போய், வேனின் வெளிச்சம் பட்டதும் அப்படியே உறைந்து உட்கார்ந்தது. இவள் போய் முன்னால் நின்றால்? ஓட்டுநர் இவளைத் தவிர்த்து வளைப்பான். வளைக்கும் பக்கம் அது இருக்கும்.

ஒரு வழிதான் இருந்தது. அது அவள் வாய்க்குள் இருந்தது.

சொல்ல மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு நாள். நாளைக் காலை. லக்சன். ஒரு தவளைக்காக இதைக் கொடுப்பதா என்று அரை நொடி, முழுதாக அரை நொடி, அவள் நின்றாள். வேன் வளைவைக் கடந்தது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. துருப்பிடித்த கேற்றைத் திறந்தது போல் வந்தது. ஆனால் வந்த வேகத்தில் குளமே வாயடைத்தது. மோட்டார் சைக்கிள்கள் அணைந்தன. மூர்த்தி திரும்பினார், பார்த்தார், அறுபத்துமூன்று வயது மனிதர் வேனின் ஓரத்தோடு ஓடிவந்து கதவில் பலகையால் ஓங்கி அறைந்தார். சக்கரம் ஈரத்தில் வழுக்கி நின்றது.

தவளைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நான்கு முழம் இருக்கும்.

இரண்டு விளக்குகளின் முழு வெளிச்சத்தில் அது உட்கார்ந்திருந்தது. மூச்சு வாங்க வந்து சேர்ந்த மூர்த்தி தன் கைபேசியை எடுத்து நாலைந்து படம் பிடித்தார். பிறகு பார்த்தபோது எல்லாப் படத்திலும் வேனின் இடது டயர் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். தூறல் வெளிச்சத்துக்குள் நூல் நூலாக இறங்கியது. தவளை பின்னங்காலை நீட்டியது. தொடையின் உட்புறம் நீலம். அப்படி ஒரு நீலத்தை அவள் வானத்திலும் பார்த்ததில்லை, சேலைக் கடையிலும் பார்த்ததில்லை. ஒரு பாய்ச்சல், இன்னொன்று, குளத்துப் பக்கத்துக் கோரைக்குள் நீலம் அணைந்தது.

"பாத்தனுங்க" என்றார் மூர்த்தி, யாரும் கேட்காமலே. "ரெண்டு கண்ணாலயும் பாத்தனுங்க."

வேன் போனதும் அவர் ராகவியை அழைத்தார். பல்கலைக்கழகத்தில் தவளை ஆய்வு செய்யும் பெண். இந்தக் கடவைக்குப் பொறுப்பு அவள்தான். இங்கேயே பிறந்தவள். ஒலிபெருக்கியில் போட்ட கைபேசியை மூர்த்தி சிவாஜினி பக்கம் நீட்டினார்.

"அன்ரி, ஆர் யூ ஷுவர்? நீங்க ஃபாஸ்ட்டிங் எல்லோ?"

"ஓம் பிள்ளை. விரதம்தான். ஆனா கண்டது உண்மை" என்றாள் சிவாஜினி. நிறம், நீளம், பொன் கோடு, நீலத் தொடை, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். இரண்டு சாட்சி, போதும், இன்றைக்கே பதிவு போட்டுவிடுவேன் என்ற ராகவி, கடைசியில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தத்தோடு தொலைபேசியை வைத்தாள்.

மூர்த்தி அப்போதுதான் நிதானத்துக்கு வந்தார். தன் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது. முகம் விழுந்துபோயிற்று.

"என்னாலதானுங்க உங்க விரதம் போச்சு. மூணு தடவ காட்டுனீங்க, நான் பாட்டுக்குத் திருப்பிக் காட்டிட்டு நிக்கறேன், மடையன்."

இல்லை அண்ணை என்றாள். பிறகு, ஏனென்று தெரியாமல், சொல்லத் தொடங்கினாள். அம்மா, திங்கட்கிழமை, வாசல், அந்த வசனம், இரண்டு வருடம், நாளைக் காலைக்கென்று வைத்திருந்த முதல் சொல். மூர்த்தி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நடுவில் ஒரு வார்த்தை போடாமல் கேட்டார்.

நாளைக்குக் கூப்பிட இனிமேல் என்ன இருக்கிறது, வைத்திருந்ததைத்தான் வீதியில் கொட்டியாயிற்றே என்று அவள் முடித்தாள்.

மூர்த்தி பலகையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "வண்டியில போய் உக்காருங்க அம்மிணி. உங்க பக்கத்தையும் நானே பாத்துக்கறேன். இப்பவே கூப்புடுங்க."

"இப்பவோ?"

"நாளைக்குக் காலையில வாய் மறுபடி யோசிக்க ஆரம்பிச்சுரும்."

காருக்குள் கதவைச் சாத்தியதும் உலகம் தண்ணீருக்கு அடியில் போனது போல் இருந்தது. கண்ணாடியில் ஊதாப் பூக்கள் ஒட்டியிருந்தன. முன்பெட்டியைத் திறந்து கைபேசியை உயிர்ப்பித்தாள். ஆறு நாள் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஓயும்வரை காத்திருந்தாள். ஆறு நாளாக ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

நான்காவது மணியில் எடுத்தான்.

"அக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நாளைக்கெல்லோ பாறணை? நீங்கள் கதைக்கிறேல்லை எண்டு அத்தான் சொன்னவர்."

அப்படியானால் சுகிர்தன் இவனோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். தொலைக்காட்சியோடு மட்டும் இல்லை. வீட்டுக்குப் போய் அவனைக் கவனித்துக்கொள்ளலாம்.

"முறிஞ்சு போச்சுது" என்றாள்.

"என்னெண்டு?"

"ஒரு தவளைக்காகக் கத்திப்போட்டன்."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிறானா, வைத்துவிட்டுப் போய்விட்டானா என்று தெரியவில்லை. திரையைப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன தவளை?" என்றான்.

அவள் சொன்னாள். புல் விலகியதையும் இலை மூச்சு விட்டதையும் சொன்னாள். ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று மின்னலுக்கு மூன்று மின்னல் திருப்பிக் காட்டியதைச் சொன்னபோது அவன் சிரித்தேவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடம் என்பது அவளுக்கு அப்போதுதான் எண்ணிக்கையாகத் தெரிந்தது. நீல நிறத்துக்குச் சரியான சொல் கிடைக்காமல் தடுமாறினாள். அவன் காத்திருந்தான். தடுமாறிய அந்த இடத்திலேயே, நீலத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே மூச்சில், மற்றது வந்துவிட்டது.

"லக்சன், நான் அண்டைக்குச் சொன்னது பிழையடா. சனத்துக்கு முன்னால சொன்னது அதைவிடப் பிழை."

எங்கேயோ ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நடக்கிறான்போல.

"எனக்கு அப்ப சரியான கோவம் அக்கா" என்றான் கடைசியில். "இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

வெளியே மூர்த்தி தன் பக்கத்துக்கும் அவள் பக்கத்துக்குமாக அறுபது மீட்டரை நடந்து கொண்டிருந்தார். நாலெட்டுக்கு ஒரு தடவை நின்று, குனிந்து, டார்ச்சைத் தரையில் பிடித்துப் பார்த்தார்.

"சனிக்கிழமை அங்கை மழையோ?" என்றான் லக்சன்.

இல்லை, இந்தக் கிழமைக்கு இதுதான் கடைசி மழை என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, நாக்கு கொஞ்சம் பழகியிருந்தது.

"தெரியேல்லை. நீ வா, பாப்பம்" என்றாள்.